தைம் என்னும் பூண்டும் நம் கிணற்றடிக் கற்பூரவள்ளியும்

வீட்டுத் தோட்டம் என்றவுடன் நம்மனோர் நினைவில் முதலில் எழுவன கத்தரியும் வெண்டியும் மிளகாயும் பயிற்றங்கொடியுமேயாம். அவை வயிற்றுக்கு வேண்டுவன. ஆதலின் அவற்றுக்குப் பாத்தியும் எருவும் நீரும் தவறாது கிடைக்கின்றன. கறிக்கு மணமும் நெஞ்சுச் சளிக்கு ஆறுதலும் தருகின்ற சிறு பூண்டுகளுக்கோ பாத்தியில் இடமில்லை. அவை கிணற்றடி ஓரத்திலோ தண்ணீர்த் தொட்டியின் பின்புறத்திலோ தாமே நின்று, தாமே தழைத்து, ஒரு மாரியில் தாமே அழுகி மறைகின்றன. நட்டவர் யார் என்பது பல வேளைகளில் வீட்டாருக்கே தெரியாது. அத்தகைய பூண்டு ஒன்றைப் பற்றியதே இக்கட்டுரை. அதற்கு வாயிலாக, மேனாட்டார் பெரிதும் போற்றும் தைம் என்பதனை முதலிற் கூறுவாம்.

தமிழாசிரியர் பாத்திக்குள் இறங்கலாமோ எனச் சிலர் நகைக்கக்கூடும். குறிஞ்சிப்பாட்டிலே 99 பூக்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிய கபிலர் தோட்டக்காரர் அல்லர், புலவரே. அவ்வரிசையில் துளசியும் துழாய் என்னும் பெயரோடு நிற்கின்றது. செடியின் பெயரை அறிந்தவர் அதன் இயல்பையும் அறிய முயல்வது பிழையாகாது.

தைமைப் பற்றி எழுதப் புகுந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. விடுமுறைக்கு வரும் பழைய மாணவர் சிலர், கனடாவிலும் இலண்டனிலும் தாம் யன்னலோரச் சட்டியில் வளர்க்கும் அப்பூண்டைப் புகழ்ந்து, “அது நம்மூரில் வளருமா, சேர்?” என்று வினவுவர். ஒருவரிருவர் விதைப் பொதியே கொண்டுவந்துவிடுவர். (விதையாயினும் தண்டாயினும் அனுமதியின்றி நாட்டுக்குள் கொண்டுவரலாகாது என்பதையும், அதற்கென 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கப் பயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதையும் அவர்களுக்கு இவ்விடத்தில் அன்போடு நினைவூட்டுகின்றோம்.) அவர்தம் வினாவுக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் விடையிறுத்தல் இயலாது. விடையைத் தேடிச் செல்வோமாயின், நம் மண்ணைப் பற்றி நாமே கொண்டுள்ள எண்ணம் ஒன்று மாறிவிடும்.

தைமின் இயல்பு

தைம் என்பது ஒரு சாணுக்கு மேல் உயராத, அடியில் மரத்தன்மை கொண்ட, மிகச் சிறிய இலைகளையுடைய செடி. மத்தியதரைக் கடலின் மேற்குக் கரை நாடுகளாகிய இசுப்பானியா, தென்பிரான்சு, இத்தாலி என்பன அதன் தாயகம். அங்கே கற்கள் நிறைந்த சுண்ணாம்பு மேடுகளில், ஆடு மேயும் வெளிகளில், ஒருவரும் நடாமலே அது வளர்கின்றது. துளசியும் தும்பையும் புதினாவும் சேர்ந்த குடும்பமே அதன் குடும்பமும். மாணவர் துளசியின் இளந்தண்டு ஒன்றை விரல்களிடையே உருட்டிப் பார்ப்பாராக. அது உருண்டையாக உருளாது. நான்கு பக்கங்கள் விரலில் தட்டுப்படும். இலைகள் ஒன்றற்கொன்று எதிராக இணையிணையாக நிற்கும். பூ இதழ் பிரிந்த வாய்போல விரியும். இம்மூன்றும் ஒருங்கே காணப்படின் அக்குடும்பம் என ஐயுறலாம். மணமும் உடனிருப்பின் ஐயம் பெரும்பாலும் நீங்கும்.

இனி, காலநிலையை ஒப்பு நோக்குவோம். வெயில் மிகுதியால் வன்னியில் தைம் வாழாது என்பதே பலர் கருத்து. தென்பிரான்சிலுள்ள மொம்பெலியே நகர்ப்புறத்தை எடுத்துக்கொள்க. அங்கே மழை பெய்வது பெரும்பாலும் இலையுதிர் காலத்திலும் குளிர் காலத்திலும், கோடையோ வறண்டது. நமக்கும் ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மாரி. வைகாசி முதல் ஆவணி வரை சோளகக் காற்றோடு கூடிய வறட்சி. முறை ஒன்றே, அளவுதான் வேறு. மொம்பெலியேயில் ஓராண்டு மழை 600 முதல் 700 மில்லிமீற்றர் வரை. வன்னியிலோ 1,000 முதல் 1,500 மில்லிமீற்றர் வரை; அதிலும் பெரும்பகுதி மூன்றே மாதத்தில் கொட்டிவிடுகின்றது. அங்கே மழைக்காலம் குளிர்காலமுமாகும். இங்கே மழைநாளிலும் மண் வெதுவெதுப்பாகவே இருக்கின்றது. வெதுவெதுப்பான ஈரமண்ணில் தைமின் வேர் அழுகுவது போல வேறெதனாலும் அது அழிவதில்லை. வெயில் அன்று, வெள்ளமே அதற்குப் பகை என்க. 2018ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் தாழ்நிலங்கள் நீரில் நின்ற நாட்களை நினைப்பவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

வெயிலும் வறட்சியும் தைமுக்குப் பகையல்ல என்பதற்கு அந்த மொம்பெலியே நாட்டிலேயே நல்லதொரு சான்று உண்டு. அங்கு வளரும் தைம், தோற்றத்தில் ஒன்றாயினும் மணத்தில் ஆறு வகைப்படும். அவற்றுள் இரண்டு வகைகள் தைமோல், கார்வக்குரோல் என்னும் காரமான எண்ணெய்ப் பொருள்களை மிகுதியாகக் கொண்டவை. ஏனைய நான்கும் மென்மணத்தன. காரமணத் தைம் வெப்பமும் வறட்சியும் உள்ள மேடுகளிலும், மென்மணத் தைம் குளிர்காற்றுத் தேங்கும் பள்ளங்களிலும் வாழ்ந்தன. கடும் உறைபனி வந்தால் காரமணச் செடிகள் மாண்டுபோகும். 1956ஆம் ஆண்டு பெப்ரவரியில் அந்நாட்டில் அத்தகைய கொடும்பனி விழுந்தது. 1970களில் ஆய்வாளர் எந்தெந்த இடத்தில் எந்த வகை நிற்கின்றது எனக் குறித்து வைத்தனர். பின்வந்தோர் அதே இடங்களுக்கு மீண்டும் சென்று நோக்கியபோது, முன்னர் காரமணம் இல்லாதிருந்த பள்ளங்களிலும் அது குடிபுகுந்திருந்தது. கொடும்பனி குறைந்தமையே அதற்குக் காரணமென 2013இல் எழுதினர். உலகம் வெப்பமாகி வருவதை ஒரு பூண்டு தன் மணத்தாலே எழுதிக் காட்டிய செய்தி இது.

இதனால் நாம் அறிவது யாது? மணம் என்பது செடி நமக்காகச் செய்து வைக்கும் உபசாரம் அன்று; தன்னைத் தின்ன வரும் பூச்சிக்கும் நத்தைக்கும் எதிராக அது கட்டிய வேலி. வளமான மண்ணும் அளவிறந்த நீரும் கொடுத்து வளர்த்தால் இலை பெருகும், மணம் நீர்த்துப்போகும். “எங்கள் மண் வறண்ட மண்” என்று வன்னியில் நாம் குறைபடுவது நெல்லை எண்ணிக் கூறும் குறை. மணப்பூண்டை எண்ணினால் அதுவே நிறை.

சட்டியில் தைம்

ஆகவே, தைம் வேண்டுவோர் அதனை நிலத்தில் நடாது மண்சட்டியில் நடுக. அடியில் துளையுள்ள சட்டியாக இருத்தல் வேண்டும். துளையின்மேல் ஓட்டுத்துண்டு வைத்து, ஆற்றுமணல் இரண்டு பங்கும் தோட்டமண் ஒரு பங்கும் கலந்து நிரப்புக. நன்கு மக்கிய எரு ஒரு கைப்பிடி போதும். விதை தூசிபோலச் சிறியது. மண்ணால் மூடாது மேலே தூவி மெல்ல அழுத்தினால் போதும். குளிர்ச்சியான வேளையே முளைப்பதற்கு ஏற்றதாதலின், மழை ஓய்ந்த தை மாதத்தில் தொடங்குவது நலம். இரண்டு மூன்று வாரம் பொறுத்திருக்க வேண்டும். அவ்வளவு பொறுமை இல்லாதவர், நுவரெலியா போன்ற மலைநாட்டிலிருந்து வரும் நாற்றுக் கிடைப்பின் அதனை வாங்கி நடலாம். காலை வெயில் படட்டும். சித்திரை நண்பகல் வெயிலை மட்டும் ஓலைநிழலால் தடுக்கலாம். விரலை ஒரு கணு ஆழம் மண்ணுட் செலுத்தி, ஈரம் தட்டினால் அன்று நீர் விடற்க. ஐப்பசி பிறக்குமுன் சட்டியைத் தாழ்வாரத்தின் கீழ் எடுத்து வைத்து, மாரி முடியும்வரை அங்கேயே வைத்திருக்க வேண்டும்.

கொய்யும் முறை இது. பூ அரும்புகின்ற வேளையில், காலைப் பனி காய்ந்த பின்னர், மென்தண்டுகளை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டுக. செடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒருமுறையில் எடுக்கலாகாது. மரத்தன்மை கொண்ட அடித்தண்டில் வெட்டினால் மீண்டும் துளிர்ப்பது அரிது. சிறு பிடிகளாகக் கட்டி நிழலிலே தொங்கவிட்டால் சில நாளில் இலை காய்ந்து உதிரும். வெயிலில் காயவைப்பார் மணத்தைக் காற்றுக்குத் தானம் செய்வார்.

இவ்வளவு பாடுபட்டும் அச்செடி வன்னியிலே ஓராண்டு ஈராண்டுக்கு மேல் நிலைக்கும் என யாம் உறுதி கூறோம். விருந்தினரைப் போல அதனைப் பேணலாம். வீட்டாராக ஆக்கிக்கொள்வது கடினம். வீட்டாராக இருப்பது கற்பூரவள்ளியே.

பெயரும் உறவும்

தடித்த, மயிர் படர்ந்த, விளிம்பு பற்களாக வெட்டுண்ட இலையையும், சதைப்பற்றுள்ள தண்டையும் உடைய இப்பூண்டை அறியாதவர் நம்மிடையே குறைவு. கற்பூரவள்ளி என்பர், ஓமவல்லி என்பாரும் உளர். சிங்கள மக்கள் கப்பரவல்லியா என்று அழைப்பதில் நம் சொல்லின் ஒலியே கேட்கின்றது. வள்ளி, வல்லி இரண்டும் கொடியைக் குறிக்கும். ஆயின் இது பற்றியேறும் கொடியன்று. தன் பாரம் தாங்காது சரிந்து, சரிந்த இடத்தில் வேரூன்றிப் படர்வது. கற்பூரத்தின் மணமும் இதற்கு இல்லை. ஓமத்தின் மணமே உண்டு. ஆதலின் ஓமவல்லி என்று பெயரிட்டவரே மூக்கைச் சரியாகப் பயன்படுத்தினார் எனல் வேண்டும். தமிழ்நாட்டிலே ஒருவகை வாழைக்கும் கற்பூரவள்ளி என்று பெயர் இருப்பதால், அங்கே கடையில் இப்பெயரைச் சொல்லிக் கேட்பவர் வாழைப்பழத்தோடு திரும்பவும் கூடும்!

மேற்கிந்தியத் தீவுகளில் இதனை அகன்ற இலைத் தைம் என்றும் இசுப்பானியத் தைம் என்றும் வழங்குகின்றனர். அத்தீவுகளில் மீனுக்கும் இறைச்சிக்கும் இட்டுச் சமைப்பதும் இதனையே. செடியியலார் இட்ட பெயரும் ஒரு கதை உடையது. போர்த்துக்கேயத் துறவியாகிய லூறெய்ரோ என்பார் 1790இல் வெளியிட்ட நூலில் இதனைக் கோலியஸ் அம்பொய்னிக்கஸ் என்று எழுதினார். பின்வந்தோர் பிளெக்ராந்தஸ் என்னும் வேறோர் இனத்துள் இதனை அடக்கினர். நம் காலத்திற் பாடநூல்கள் பலவும் அப்பெயரையே கற்பித்தன. 2019இல் ஆய்வாளர் மீண்டும் பழைய கோலியஸ் என்பதற்கே திரும்பினர். அம்பொய்னா என்பது இந்தோனேசியத் தீவு ஒன்று. ஆயினும் ஆபிரிக்காவின் கிழக்கு, தென்கிழக்குப் பகுதிகளிலும் இச்செடி காட்டுச் செடியாகவே வளர்கின்றது.

தைமுக்கும் இதற்கும் உள்ள உறவு குடும்பத்தால் மட்டும் அன்று, எண்ணெயாலும் ஆகும். கற்பூரவள்ளி இலையின் எண்ணெயிலும் கார்வக்குரோலும் தைமோலும் முதன்மையாகக் காணப்படுகின்றன. விகிதம் இடத்துக்கு இடம் வேறுபடும். இரண்டும் 10 காபன் அணு, 14 ஐதரசன் அணு, 1 ஒட்சிசன் அணு கொண்டவை. ஒரு கூறு வளையத்தில் நிற்கும் இடம் மாறியதால் இரண்டு பொருளாயின. எழுத்துகள் அவையே, இடம் மாறப் பொருள் மாறும் சொற்களைத் தமிழ் மாணவர் அறிவர். ‘கபம்’ என்பதன் முதலிரண்டு எழுத்தும் இடம் மாறினால் ‘பகம்’ ஆவது போல என்க. தைமோல் என்பதனைத் தைம் எண்ணெயிலிருந்து முதன்முதல் பிரித்தவர் ஜேர்மானியராகிய நொய்மான், ஆண்டு 1719. ஆயினும் பின்னாளில் அதனை வாணிகத்துக்குப் பெருக்கியபோது துணை நின்றது தைம் அன்று, நம் ஓமம். 1914இல் முதலாம் உலகப் போர் மூளும்வரை இந்தியாவிலிருந்து ஓமம் கப்பலேறி ஜேர்மனிக்குச் சென்றது. அங்கே தைமோலாகிப் பிற நாடுகளின் மருந்துச் சாலைகளை அடைந்தது. செடியியலில் ஓமம் கொத்தமல்லிக் குடும்பம்; தைமும் கற்பூரவள்ளியும் துளசிக் குடும்பம். வழி வேறாயினும் வந்து சேர்ந்த மணம் ஒன்றே.

நடுகை

கதியால் போடத் தெரிந்த வன்னி மக்களுக்குக் கற்பூரவள்ளி நடக் கற்பிக்க வேண்டியதில்லை. கிளுவையும் பூவரசும் தடியாக ஊன்றப்பட்டு வேலியாவது போல, இதுவும் தண்டினாலேயே பெருகும். விதையை எதிர்பார்த்தல் வீண். முற்றலுமின்றி மிக இளசுமின்றி, நான்கைந்து கணுவுள்ள ஒரு சாண் தண்டை ஒடிக்க. கீழ்க்கணு இரண்டின் இலைகளை அகற்றுக. ஒடித்த வாயை ஒரு பகல் நிழலில் உலரவிட்டு, அவ்விரு கணுவும் மறைய ஊன்றுக. பலர் ஒடித்த கையோடு ஈரமண்ணில் குத்திவிடுவர். சதைப்பற்றுள்ள தண்டு ஆதலின் காயம் ஆறுமுன் அழுகல் புகுந்துவிடும். ஒழுங்காக நட்டால் இரண்டு மூன்று வாரத்தில் வேர் பிடித்துவிடும்.

இடம் தெரிவதில்தான் நம்மவர் தவறுகின்றனர். கிணற்றடி நல்ல இடம் என்று எண்ணுகின்றோம். குளித்த நீரும் துவைத்த நீரும் ஓயாது ஓடும் வாய்க்காலோரத்தில் செடி கொழுகொழுவென நிற்கும். இலை உள்ளங்கையளவு அகலும். கசக்கினால் மணம் மட்டாகவே இருக்கும். அதே செடியின் தண்டைச் சற்று மேட்டில், காலை வெயில் பட்டு மாலையில் வேப்பமர நிழல் விழும் இடத்தில் நட்டுப் பாருங்கள். இலை சிறுத்துத் தடிக்கும். பக்கத்திற் சென்றாலே மணக்கும். முல்லைத்தீவுக் கரையோர மணலில் இது எளிதில் வளரும். நீர் தேங்கும் களிமண்ணில் ஒரு முழ அகலத்துக்கு மண்ணை உயர்த்தி மேடாக்கி நடுதல் வேண்டும். நிலம் இல்லாதவர் பழைய வாளியிலோ உரப்பையிலோ துளையிட்டு வளர்க்கலாம். கோடையில் வாரம் இருமுறை நீர் போதும். இலையடியில் வெண்பஞ்சு போலப் பூச்சி ஒட்டினால் அக்கிளையை வெட்டி அகற்றுக. உண்ணும் இலைக்கு நஞ்சு தெளித்தல் அறிவுடைமை ஆகாது.

இவ்விடத்தில் ஒன்று கூறாமல் மேலே செல்ல மனம் ஒப்பவில்லை. 2009இல் போர் ஓய்ந்தபின், முகாங்களிலிருந்து மக்கள் படிப்படியாக ஊர் திரும்பினர். மெனிக் பாம் முகாம் மூடப்பட்டது 2012 செப்ரெம்பரில். திரும்பியவர் கண்டது வளவு என்று சொல்லத்தகாத பற்றைக்காடு, தலையிழந்த தென்னைகள், தூர்ந்த கிணறுகள். மண்வெட்டியும் காய்கறி விதையும் உதவியாகக் கிடைத்தன. எந்த விதைப் பொதியிலும் கற்பூரவள்ளி வரவில்லை. விதையால் வருவதன்றே அது! யாம் அறிந்த வீடுகளில் அது வந்த வழி ஒன்றே: வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ உறவினர் வீட்டில் ஒடித்த ஒரு தண்டு, பேருந்திலே பைக்குள் வாடி வந்து, ஊன்றப்பட்டுப் பிழைத்தது. பின்னர் வேலிக்கு வேலி கைமாறியது. இன்று நம் வகுப்பில், வீட்டில் நிற்கும் மணப்பூண்டு ஒன்றின் இலையைக் கொண்டுவருக எனின், பாதிப்பேர் கொண்டுவருவது இதனையே. ஆயினும் அவருட் சிலர் இதன் பெயர் அறியார். ‘சளி இலை’ என்பர். தண்டைக் கொடுத்த ஆச்சிமார் பெயரையும் சேர்த்துக் கொடுத்திருப்பர். இடையில் எங்கோ அது நழுவிற்று. இலையும் பெயரும் சேர்ந்தே வளரட்டும் என்று, அவ்விலையைக் கொப்பியில் ஒட்டி அதன்கீழ்ப் பெயரை எழுதுவித்து வருகின்றோம்.

கொய்தல்

இச்செடிக்குக் கொய்தலே வளர்ப்பு. கொய்யாது விட்டால் தண்டு நீண்டு, அடி இலை உதிர்ந்து, நுனியில் மட்டும் சில இலைகளோடு சரிந்துவிடும். நடுகை வேர்பிடித்து ஆறு இலை இணைகள் வந்ததும் நுனியைக் கணுவுக்குச் சற்று மேலே கிள்ளுக. அக்கணுவின் இருபுறத்திருந்தும் இரண்டு கிளைகள் எழும். அவற்றின் நுனியையும் கிள்ளினால் நான்கு. வேண்டும்போதெல்லாம் அடியிலிருந்து ஓரிலை பறிப்பது நம் வழக்கம். அது செடியை மொட்டையாக்கும் வழக்கம். நுனியோடு இரண்டு கணு எடுப்பதே செடிக்கும் நமக்கும் நலம். பூத்தண்டு எழுந்தால் முளையிலேயே கிள்ளிவிடுக. துளசிக்கும் இதுவே விதி.

தைமைப் போல இதனை உலர்த்தி வைக்க முயல வேண்டாம். இலையில் நீர் மிகுதி, காயுமுன் கறுத்துவிடும். பசுமையாகவே பயன்படுத்துக. இரசம் இறக்கும்போது மூன்று நான்கு இலைகளைக் கிள்ளிப் போட்டு மூடினால் மணம் தங்கும். தொடக்கத்திலேயே கொதிக்கவிட்டால் ஆவியோடு போய்விடும். தேங்காய்ப்பூவும் பச்சைமிளகாயும் புளியும் கூட்டிச் சம்பலாக அரைக்கலாம். தமிழ்நாட்டார் கடலைமாவில் தோய்த்துப் பொரிப்பர்; மழைநாள் மாலையில் அதற்கு நிகர் வேறில்லை என்பது எம் தனிக் கருத்து.

மருந்தாகக் கொள்வது பற்றிச் சிறிது எச்சரிக்கை வேண்டும். இலையைத் தணலில் வாட்டிப் பிழிந்த சாற்றைத் தேனோடு குழைத்துச் சளிக்குக் கொடுப்பது நம் வீடுகளில் வழிவழி வந்த கைமருந்து. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுத்தலே ஆகாது என்பது இன்றைய மருத்துவர் துணிபு. வளர்ந்த பிள்ளைக்கும் சில துளிகளே அளவு. இவ்வெண்ணெய் வலியது, 1909இல் அமெரிக்கத் தென்மாநிலங்களுக்கென றொக்பெல்லரின் கொடையால் தொடங்கப்பட்ட கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தில் மருந்தாகக் கொடுக்கப்பட்டது இதே தைமோல்தான். புழுவைக் கொல்ல வல்லது மிகுந்தால் மனிதரையும் வருத்தும். பிள்ளை மூச்சு வாங்கினாலோ, மூச்செடுக்கையில் விலாவின்கீழ்க் குழி விழுந்தாலோ, இலையைத் தேடி நிற்கலாகாது; உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க.

ஓராண்டு கொய்த செடி அடியில் மரத்துக் கிழடாகும். அதனை உரமிட்டுத் தேற்ற முயல்வதினும் புதுத்தண்டு நடுதல் எளிது. மழை ஓய்ந்த தை, மாசி மாதங்கள் நிலத்தில் நடுவதற்கு ஏற்றவை. புரட்டாதியில், முதல் மழை விழுமுன், இரண்டு தண்டுகளை ஒடித்துச் சட்டியில் ஊன்றித் தாழ்வாரத்தில் தைமின் பக்கத்தே வைத்துவிடுக. நிலத்துச் செடி வெள்ளத்தில் அழுகினாலும், தையில் நடத் தண்டு வீட்டிலேயே இருக்கும். மிஞ்சினால் ஒன்றை அடுத்த வளவுக்குக் கொடுக்கலாம். கொடுக்கும்போது பெயரையும் சொல்லிக் கொடுக்க.